பில்டு அமைப்பை மாற்றினால் வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ உள்ள ஒரு கல்லூரி மாணவர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுதளத்தின் மூலநிரலை இறக்கித் தாமே தொகுக்க முனைந்தால், 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பு முதல் அவர் முன் இரு பில்டு அமைப்புகள், அதாவது மூலநிரலை இயங்கும் மென்பொருளாக்கும் கருவிகள், இருக்கின்றன: ஆட்டோகான்ஃப், மேக் என்னும் பழைய இணை, மெசான், நிஞ்ஜா என்னும் புதிய இணை. ஒவ்வோர் இணையிலும் முதலாவது, கணினியில் உள்ளதைச் சோதித்துத் தொகுப்புக்கான வழிமுறையை ஆயத்தம் செய்யும்; இரண்டாவது அதன்படி தொகுக்கும்.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக், எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்ற பட்டியலைப் படித்து, ஒவ்வொன்றும் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, மாறியதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி தொகுக்கிறது. வெண்ணாற்றில் ஒரு மதகை மாற்றினால் அதற்குக் கீழுள்ள வாய்க்கால்களைப் பார்த்தால் போதும், கல்லணைக் கால்வாய்ப் பக்கம் போக வேண்டியதில்லை என்ற கணக்குதான் இது. பட்டியலில் ஒரு சார்பு விடுபட்டால் பழைய துண்டு புதியதோடு இணைந்து, காரணம் பிடிபடாத பிழைகள் எழும். தொகுப்பிக்குத் (கம்பைலருக்குத்) தரும் கட்டளை மாறினாலும் மேக் தானாக அதைக் கவனிப்பதில்லை. நிஞ்ஜாவோ கட்டளையையும் நினைவில் வைத்திருக்கும்; மாணவருக்கு முதல் வரவு இதுதான்.

ஆய்வகக் கணினியில் விண்டோஸ் இருந்தால் மாணவருக்கு வரவு இன்னும் பெரிது. மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டூடியோவுக்கென்று தனியே பேணப்பட்ட பெர்ல் நிரல்களின் வேலையை மெசானே செய்துவிடுவதால், 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன.

செலவு வேறொருவர் தலையில் விழுகிறது. ஆட்டோகான்ஃப் உருவாக்கி, வெளியீட்டோடு வரும் கன்ஃபிகர் நிரலுக்கு ஷெல்லும் மேக்கும் தொகுப்பியும் ஏறக்குறையப் போதும். மெசானுக்குப் பைத்தானும் நிஞ்ஜாவும் முன்னதாகவே வேண்டும். புதிய செயலிக்கு லினக்ஸைக் கொண்டுசெல்பவருக்கும், பழைய யூனிக்ஸ் இயந்திரத்தைப் பேணுபவருக்கும் இது சிறிய சுமையன்று.

எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில் மறைவாகப் புகுத்தப்பட்டு, 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவின் முதற்கண்ணி, களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்த ஓர் எம்4 கோப்பில் (ஆட்டோகான்ஃபுக்கு உள்ளீடாகும் கோப்பு வகை) ஒளிந்திருந்ததால், யாரும் படிக்காத ஆட்டோகான்ஃப் நிரல்கள்மீது சந்தேகம் வலுத்தது. அது நியாயமே. எனினும் அதே திட்டத்தில், சிமேக் என்னும் வேறொரு பில்டு கருவிக்கான கோப்பிலும் ஒரேயொரு புள்ளியைச் செருகி ஒரு பாதுகாப்புச் சோதனையைத் தோற்கச் செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் பார்வையில் கனமான செலவு, பழைய இணை, புதிய இணை இரண்டையும் சேர்த்துப் பேணும் இடைக்காலம்தான். புதிதாக ஒரு மூலக்கோப்பு சேர்ந்தால் இரு இடங்களிலும் எழுத வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் ஒரு சாராருக்கு மட்டும் பில்டு உடையும். பழையதை உடனே கைவிடவும் வழியில்லை: போஸ்ட்கிரெஸ்கியூஎல் நீட்சிகளில் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களில்) பல, மேக்கை நம்பிய பிஜிஎக்ஸ்எஸ் என்னும் நீட்சித் தொகுப்பு வசதி வழியே தொகுக்கப்படுவதால், மெசானும் அவற்றுக்காக ஒரு மேக் கோப்பை உருவாக்கித் தர வேண்டியிருக்கிறது.