டி.சி. வாங்குவதற்கு முன்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்வி ஆலோசனை சொல்லி வருகிறேன். அமீரகத்தில் வேலை உறுதியானதும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "டி.சி. எப்ப சார் கிடைக்கும்?" என்பதுதான். பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்பதே அதற்கு முன்பு பார்க்க வேண்டியது.

எட்டாம் வகுப்பு வரை பெரிய சிக்கல் இல்லை. அங்குள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நம் நாட்டு சி.பி.எஸ்.இ. பள்ளிகளைப் போலவே ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குகிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் கோடை விடுமுறைக்குப் பிறகே தொடங்கும். கல்லூரிப் படிப்புக்கு ஊர் திரும்பும் எண்ணமுள்ள குடும்பத்துக்கு நான் சி.பி.எஸ்.இ.யையே பரிந்துரைப்பேன். கேரளப் பாடத்திட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதவைக்கும் பள்ளிகளும் அங்கே உண்டு. ஆனால் தமிழ்வழி கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில்தான் கவனம் வேண்டும். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான மாணவர் பதிவு 9, 11ஆம் வகுப்புகளிலேயே நடந்துவிடுகிறது. ஆகவே இங்கே ஒன்பதை முடித்துவிட்டு அங்கே நேரே பத்தில் சேர வேண்டுமென்றால், பெற்றோரின் இடமாற்றத்துக்கான சான்றுகளும் வாரியத்தின் அனுமதியும் தேவைப்படும். அப்பா முன்னே போக, அம்மாவும் பிள்ளையும் ஓராண்டு இங்கேயே தங்கிப் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போவது பல குடும்பங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

டி.சி.யில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், சான்றொப்பத்துக்கு (அட்டஸ்டேஷனுக்கு) அனுப்பும் முன்பே திருத்திவிடுங்கள். எந்தெந்த அலுவலகத்தின் முத்திரை வேண்டும் என்பதைச் சேரவிருக்கும் பள்ளியிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மொழியைப் பற்றித்தான். ஆறாம் வகுப்பு முடித்த ஒரு பையன், சேர்க்கைத் தேர்வில் கணக்குத் தாளைப் பாதி வெறுமையாகவே கொடுத்துவிட்டான் என்று அவன் அம்மா அழுதார். அதே வினாத்தாளை வரவழைத்து, 'பெரிமீட்டர்' என்றால் சுற்றளவு, 'ஃபிராக்‌ஷன்' என்றால் பின்னம் என்று மட்டும் சொன்னேன். என் கண்ணெதிரே, விட்டுவைத்த கணக்குகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் போட்டு முடித்தான். கணக்கு தெரிந்த பிள்ளையை ஒரு வகுப்பு கீழே இறக்கிச் சேர்த்திருந்தார்கள். இப்போது என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுக்கிறேன். இடப்பக்கம் பாடநூலில் உள்ள தமிழ்க் கலைச்சொல், வலப்பக்கம் அதற்கான ஆங்கிலச் சொல். கணக்கையும் அறிவியலையும் எழுதி முடிக்க மூன்று மாதம் பிடிக்கிறது.