வீட்டு நாயின் கடைசிக் காலம்: ஒரு மிருக வைத்தியர் சொல்ல விரும்புவது

பிள்ளைகள் வெளிநாடு போய், அம்மாவும் அப்பாவும் மட்டும் மிஞ்சியிருக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய. அந்த வீடுகளில் நாய் வெறும் காவலுக்கு நிற்பதில்லை. மகன் கனடா போவதற்கு முதல் தூக்கிக்கொண்டு வந்த குட்டி, அவன் போய்ப் பல வருடமான பிறகும் கேற்றடியில் படுத்திருக்கும். அதற்குச் சோறு வைக்கவேண்டும் என்பதற்காகவே தானும் உலை வைக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாய் சாகும் காலத்தைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. அதனால் அந்த நேரம் வரும்போது எல்லாருமே தடுமாறிப் போகிறார்கள்.

வயதான நாய் வழக்கத்தைவிடக் கூடத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் பெய்து, மெலியத் தொடங்கினால் "வயசு போட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் வெளியே தெரியும். முரசு (பல் ஈறு) வெளிறி, காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; அன்றைக்கே காட்டுங்கள். நோகுது என்று பனடோலோ டைக்ளோபெனாக்கோ கொடுக்கவேண்டாம், இரண்டும் நாய்க்கு ஆபத்தானவை.

எவ்வளவு வைத்தியம் செய்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பாது என்று தெரிந்தபின் வருவதுதான் கடினமான பகுதி. "இன்னும் இரண்டு நாள் பாப்பம் டொக்டர்" என்பார் அம்மா. போனில் மகன், "எவ்வளவு செலவெண்டாலும் பரவாயில்லை, எப்படியாவது காப்பாத்துங்கோ" என்பார். இரண்டும் அன்பால் வருவதுதான். ஆனால் இரவில் எழும்பி, நடக்கமுடியாத நாயைத் தூக்கித் துடைப்பவர் அந்த அம்மா. முடிவில் அவருடைய சொல்லுக்குத்தான் முதலிடம் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

நாயைக் கவனித்துப் பாருங்கள். தானாகச் சாப்பிடுகிறதா? எழும்ப முடிகிறதா? மூச்சு விடக் கஷ்டப்படுகிறதா? உங்கள் குரலுக்குத் தலை தூக்குகிறதா? நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் கூடிவிட்டால், ஊசி போட்டு நோவில்லாமல் விடுவிப்பது பற்றி வைத்தியரோடு பேசுங்கள். பாவம் செய்கிறோமோ என்று பலர் பயப்படுவார்கள். தண்ணீரும் இறங்காமல் நாட்கணக்கில் முனகவிடுவதைத்தான் என்னால் தாங்கமுடியாது. அந்த ஊசி அளவுக்கதிகமான மயக்கமருந்து. பெரும்பாலும் சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் மூடாது, அதன் பிறகும் ஒன்றிரண்டு தரம் மூச்சு இழுக்கலாம், சலம் போகலாம். அது வலியால் வருவதல்ல. முடிந்தால் அருகில் இருந்து தடவிக்கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் அன்பை ஒருபுறம் வைக்கவேண்டும். நாய் திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, வீணீர் வடித்து, விழுங்கமுடியாமல் நின்றால் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கை விடாதீர்கள். அது விசர்நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். கடித்தாலோ, காயத்தில் வீணீர் பட்டாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், துக்கம். "நாய்தானே, வேறொண்டு வளக்கலாம்" என்று சொல்லிவிட்டு அயலவர்கள் போய்விடுவார்கள். ஆனால் தனியே இருக்கும் ஒருவருக்கு அன்றாடம் பேசுவதற்கு இருந்த ஒரே உயிர் அது. 1995 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய இடப்பெயர்வில், வளர்த்த நாயை வளவிலேயே விட்டுவிட்டு நடந்தவர்கள், இன்றைய நாய் சாகும்போது அந்த நாயையும் சேர்த்துத்தான் அழுகிறார்கள். அழவிடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடியோ கோல் எடுத்து அந்த நாயின் பெயரைச் சொல்லியே பேசலாம். அம்மா சாப்பிடுகிறாரா, பிரஷர் குளிசை போடுகிறாரா என்றும் கேளுங்கள். நாட்கள் போயும் சமைக்காமல் படுத்தே கிடந்தால் அவரையும் வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் நாய் செத்துவிட்டது என்றே சொல்லுங்கள். நித்திரை கொள்ளுது என்று சொன்னால் இரவில் தாங்கள் கண் மூடவே பயப்படுவார்கள்.

வளவுக்குள் புதைப்பதாக இருந்தால் கிணற்றடியை விட்டுத் தள்ளி, மண் ஆழமுள்ள இடமாகப் பாருங்கள். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல்; மேலே போடுவது வெடிப்புகள் வழியே சுலபமாக நல்ல தண்ணீருக்குள் இறங்கும். ஊசி போட்ட உடலில் மருந்து மிஞ்சியிருக்கும் என்பதால் மற்ற நாய்கள் கிளறமுடியாத ஆழமும் தேவை.

அடுத்த குட்டியை எப்போது கொண்டுவருவது என்பது அந்த வீட்டு ஆட்கள் தாங்களாகச் சொல்லவேண்டியது. ஆறுதலுக்கு என்று ஒருவரும் திடீரெனக் கொண்டுவந்து கையில் கொடுக்கவேண்டாம். முந்தின நாய் பார்வோ என்ற தொற்று வைரஸ் நோயில் செத்திருந்தால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிக்குரிய தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடிந்த பிறகே அதை அந்த முற்றத்தில் இறக்குங்கள்.