ஏரித் தண்ணீரின் பிஎச்: சராசரி வேண்டாம், வரிசை போதும்

வேளச்சேரி ஏரியில் மே மாதம் நான்கு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நான்கு முறையும் தண்ணீர் எடுத்து பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கோடையில் 8.9, 8.4, 8.2, 9.1. மழைக்குப் பின் 7.9, 7.6, 8.3, 7.2. விளக்கத்துக்காக நான் எழுதிய எண்கள்தான் இவை. மாற்றம் உண்மையா, தற்செயலா?

உடனே சராசரி போடத் தோன்றும். ஆனால் பிஎச் ஒரு மடக்கை அளவுகோல். 1909-ல் டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தது. ஓர் எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடிவிடும். 6, 8 என்ற இரண்டு அளவுகளுக்குச் சராசரி 7 என்போம். செறிவுகளைச் சராசரியாக்கி மறுபடி பிஎச்சுக்கு மாற்றினால் 6.3 வருகிறது. எதை நம்புவது?

புள்ளியியலில் வில்காக்சன் 1945-லும், மானும் விட்னியும் 1947-லும் தந்த தரவரிசைச் சோதனைக்கு இந்தத் தகராறே கிடையாது. எட்டு அளவுகளையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி இட எண் கொடுத்தால் போதும். மழைக்குப் பிந்தையவை 1, 2, 3, 5 ஆகிய இடங்களில் நிற்கின்றன; கூட்டினால் 11. மழையால் ஒன்றுமே மாறவில்லை என்றால், எட்டு இடங்களில் எந்த நான்கிலும் அவை சம வாய்ப்போடு விழலாம். அதற்கு 70 வழிகள். கூட்டுத்தொகை 11 அல்லது அதற்கும் கீழே வருவது இரண்டே வழிகளில்; மாற்றம் எந்தப் பக்கமும் இருக்கலாம் என்பதால் எதிர்முனையில் இன்னும் இரண்டு. 70-ல் 4, அதாவது 5.7 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் தற்செயல் அல்ல என்று கொள்ளும் வழக்கமான 5 சதவீத வரம்பை மயிரிழையில் தவறவிடுகிறது. அந்த 8.3 மட்டும் 8.1 ஆக இருந்திருந்தால் 2.9 சதவீதம்!

பிஎச்சுக்குப் பதில் அயனிச் செறிவை வைத்துச் செய்தாலும் விடை இம்மியும் மாறாது. வரிசை தலைகீழாகும், அவ்வளவுதான். கருவிக் கோளாறில் 7.2 என்பது 4.2 என்று பதிவானாலும் அதன் இடம் முதலிடமே. இதனால்தான் பிஎச்சுக்கு இந்தச் சோதனையை முதலில் பரிந்துரைப்பேன்.

ஆனால் பருவத்துக்கு மூன்றே மாதிரிகள் எடுத்தால் எல்லாம் வீண். இரு பருவங்களும் முழுக்கப் பிரிந்து நின்றாலும் 20-ல் 2, பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கவே முடியாது.

நேரமும் முக்கியம். வெயில் ஏற ஏறப் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் உயரும். மேயில் மதியமும் டிசம்பரில் விடியற்காலையும் எடுத்தால், சோதனை காட்டுவது மழையின் வேலையா பாசியின் வேலையா என்று பிரிக்க முடியாது. ஒரே படித்துறையில் அடுத்தடுத்து நிரப்பிய நான்கு பாட்டில்களும் நான்கு தனித்தனி மாதிரிகள் ஆகாது.

ஏரியின் அதே இடங்களில் இரு பருவமும் எடுப்பதாக இருந்தால், ஒவ்வோர் இடத்தின் இரு அளவுகளையும் ஜோடியாக ஒப்பிடும் வில்காக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனை பொருந்தும். அதற்கு ஆறு இடங்களாவது வேண்டும்; ஐந்து இடங்களில் எல்லா வித்தியாசங்களும் ஒரே பக்கம் சாய்ந்தாலும், கூடுதல்-குறைவு அமையக்கூடிய 32 வழிகளில் 2, அதாவது 6.25 சதவீதம்தான்.