முதலில் கிடைத்தது போதும்

ஃபைல் கண்ணெதிரே இருக்கும், நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரோ இல்லை என்று சாதிக்கும். நிரல் எழுதுகிறவர்களில் இதற்கு எரிச்சல்படாதவர் குறைவு. கம்பைலர் வட்டு முழுவதும் துழாவுவதில்லை. கையில் ஒரு ஃபோல்டர் பட்டியல், அதில் ஒரு வரிசை, அவ்வளவுதான்.

மாடுலா-2 மொழியில் இது தெளிவாகத் தெரியும். நிக்லாவுஸ் விர்த் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய மொழி இது. இதில் ஒரு மாட்யூலுக்கு, அதாவது நிரலின் தனிப் பகுதிக்கு, வழக்கமாக இரண்டு ஃபைல்கள்: வெளியே என்னென்ன தெரியும் என்று சொல்லும் வரையறை ஃபைல், வேலையைச் செய்து முடிக்கும் இன்னொன்று. நீங்கள் ‘ஸ்டோரேஜ்’ மாட்யூலை உங்கள் நிரலுக்குள் இம்போர்ட் செய்தால், கம்பைலருக்கு அப்போதைக்கு வரையறை மட்டும் போதும். ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பின் மாடுலா-2 கம்பைலர் (2023இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசியோடு சேர்ந்தே வருகிறது) பெயரின் வாலில் ‘டெஃப்’ ஒட்டிக்கொண்டு கிளம்பும். நாம் கட்டளையில் ‘ஐ’ ஆப்ஷனோடு கொடுத்த ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். அதன் பிறகுதான் கம்பைலரின் சொந்த லைப்ரரி, அதாவது அதனோடு தயாராக வரும் மாட்யூல்கள்.

கிடைத்தவுடன் தேடல் நின்றுவிடும். அடுத்த ஃபோல்டரில் புதிய பிரதி இருந்தாலும் எட்டிப் பார்க்காது. வேடிக்கை என்னவென்றால், இதே ‘ஸ்டோரேஜ்’ பழைய விர்த் பாணி லைப்ரரியிலும் உண்டு, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் லைப்ரரியிலும் உண்டு. ஐஎஸ்ஓ ஆப்ஷனைப் போட்டால், மற்ற மாற்றங்களோடு, ஐஎஸ்ஓ ஃபோல்டர் வரிசையில் முன்னால் வந்துவிடும். அதே பெயர், வேறு ஃபைல்!

ஃபைல் கிடைக்காமல் போவதாவது பரவாயில்லை. பிழைச் செய்தி நேராகச் சொல்லிவிடும். தப்பான ஃபைல் கிடைப்பதுதான் தொல்லை. ஒருமுறை என் வரையறை ஃபைலின் பழைய பிரதி வரிசையில் முன்னால் இருந்த ஃபோல்டரில் கிடந்தது. நான் அன்று காலையில் சேர்த்த புரொசீஜரை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) ‘அப்படி ஒன்று இல்லை’ என்றது கம்பைலர். நானோ ஸ்பெல்லிங்கைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம், ஒரு நிரல் இயக்க முறைமையிடம் கேட்பதையெல்லாம் காட்டும் லினக்ஸின் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியை ஓடவிட்டேன். கம்பைலர் திறக்க முயன்ற ஒவ்வொரு பாதையும் வரிவரியாக வந்தது: இல்லை, இல்லை, அடுத்த வரியில் திறந்துவிட்டது. அந்தப் பாதை நான் எதிர்பார்த்தது அல்ல.

ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் இப்படித்தான் காலை வாரும்: விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது, லினக்ஸில் அது வேறு ஃபைல்.