வீஞு வெர்து: பச்சை என்றால் நிறமா?

நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்கிற மச்சான் மெனு அட்டை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். வீஞு வெர்து என்ற போர்த்துக்கல் வைனுக்கு நேரே தமிழில் 'பச்சை நிற வைன்' என்று அச்சடித்திருந்தது. "ஊத்தினா தேசிக்காய்த் தண்ணி மாதிரி வெளிறிக் கிடக்கு. பச்சை எங்க எண்டு கேக்கிறாங்க, என்னத்தைச் சொல்ல மச்சான்?"

பிழை 'பச்சை'யில் இல்லை, 'நிற'வில் இருக்கிறது.

போர்த்துக்கேயத்தில் வீஞு என்றால் வைன், வெர்து என்றால் பச்சை. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பலர் 'வின்ஹோ வெர்டே' என்கிறார்கள். அதில் 'nh' என்று எழுதுகிற ஒலி நம்முடைய 'ஞ'வேதான். ஆங்கிலம் திணறுகிற இடத்தில் தமிழுக்குச் சிரமமே இல்லை. வெர்துவுக்குப் பச்சை நிறம் ஒரு பொருள். முற்றாதது, இளசு என்பது இன்னொன்று. பச்சைக் குழந்தை, பச்சைப் புண் என்று நாம் சொல்லும்போது நிறத்தையா நினைக்கிறோம்? அதே பச்சைதான் இது. நாட்பட வைக்காமல் இளசாகவே குடிக்கிற வைன். இதே பெயரில் கருஞ்சிவப்பு வைனும் உண்டு, அதைப் பார்த்தால் நிறச் சந்தேகம் தீரும். இந்த வைன் பிறக்கிற, மழை அதிகமான போர்த்துக்கலின் வடமேற்குச் சீமையின் பசுமையால் வந்த பெயர் என்றும் சொல்வார்கள்.

1908இல் எல்லை வகுக்கப்பட்ட அந்தப் பிரதேசத்தின் பெயரும் இதுவே. அங்கே முன்பெல்லாம் முந்திரிகைக் கொடியை மரங்களிலும் உயரப் பந்தலிலும் ஏற்றிவிட்டு, கீழே சோளம், அவரை போடுவார்களாம். நம்மூர்ப் புடலங்காய்ப் பந்தல்தான் நினைவுக்கு வருகிறது. (முந்திரிகை என்று நான் சொல்வது திராட்சையை. கஜுவுக்கு இங்கே மரமுந்திரிகை.) பழ வகைகளில் பெயர்பெற்றது அல்வரீஞு, மீஞு ஆற்றைத் தாண்டி ஸ்பெயினுக்குள் போனால் அதுவே அல்பரீஞோ. லொரெய்ரு என்ற வகைக்குப் பெயர் தந்தது மணமுள்ள இலை கொண்ட லாரல் மரம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேதாகமத் தமிழின் 'திராட்சரசம்' எனக்குப் போதவில்லை. பிழிந்த சாறும் ரசம், புளித்ததும் ரசம் என்றால் எப்படி? 'தேறல்' இருக்கிறது: தேறியது, தெளிந்த மது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்தது 'தண்கமழ் தேறல்'. கப்பலில் வந்த வைனுக்கு அன்றே பொருந்திய சொல் இன்றைக்கும் பொருந்தும். ஆகவே பச்சைத்தேறல். மெனுவில் மட்டும், நிறக் குழப்பம் திரும்ப வராமல், ஊர்ப்பெயர் போல 'வீஞு வெர்து' என்றே போட்டு, பக்கத்தில் 'இளந்தேறல்' என்று எழுதலாம்.

ஒரு வேடிக்கை. 1620களில் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயப் பறங்கியர் நமக்குப் பாணையும் அலமாரியையும் தவறணையையும் விட்டுப் போனார்கள். தவறணை தங்கிவிட்டது, அதில் விற்பதோ கள், வீஞு ஒட்டவில்லை.

இனிச் சாப்பாடு. புளிப்புத் தூக்கல், நாக்கில் லேசாகச் சுள்ளென்று ஒரு நுரை, சாதாரண வகையில் மதுச்சத்து 8 முதல் 11.5 வீதம்தான். போர்த்துக்கலில் சுட்ட சாளையோடு குடிப்பார்கள். சாளை இங்கே இல்லாததா? பொரித்துத் தேசிக்காய் பிழிந்தால் போதும். கணவாய்க்கும் இறாலுக்கும் ஒத்துப்போகும். என்னைக் கேட்டால் மீன் சொதிதான் சரியான சோடி. தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு அறுத்துவிடும். உறைப்பான நண்டுக் குழம்பு வேண்டாம், வைன் எங்கே போனதென்றே தெரியாது.

மச்சானுக்கு இன்னொன்றும் எழுதினேன்: போத்தலை நன்றாகக் குளிரவிடு, திகதியைப் பார். போன பருவத்தில் மிஞ்சியதை அலமாரியில் வைத்திருந்தால் அது பச்சையே இல்லை.