எந்த ஊர் மர்பி?

மர்பி போன்ற ஐரிஷ் பெயரை வைத்துக்கொண்டு முன்னோரின் ஊரைத் தேடுவது எப்படி? ஒரு பென்ஷனிலிருந்து தொடங்குவோம். 1909ஆம் ஆண்டு ஜனவரியில் அயர்லாந்தில் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள். 70 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பிறப்பு இறப்புகளை அரசு முழுமையாகப் பதியத் தொடங்கியதே 1864இல்தான். 1830களில் பிறந்த ஒரு கிழவியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே போவாள்? அதனால் அலுவலர்கள் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் இருந்த 1841, 1851 சென்சஸ் கட்டுகளைப் பிரித்து, அவள் பெற்றோரின் வீட்டைத் தேடினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் அவள் பெயர் இருந்தால் அதைப் படிவத்தில் குறித்துக்கொண்டார்கள்.

13 ஆண்டுகள் கழித்து அந்த சென்சஸ் கட்டுகள் எரிந்து சாம்பலாயின. படிவங்கள் பிழைத்தன. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முன் தங்கள் முன்னோர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு, இன்று சில குடும்பங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பென்ஷன் படிவம்தான்.

எரிந்த நாள் 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பெரிய வெடிப்பு. அங்கிருந்த பொது ஆவணக் காப்பகத்தில் ஏழு நூற்றாண்டுகளின் தாள்கள் இருந்தன. கருகிய துண்டுகள் காற்றில் பறந்து நகரம் முழுக்க விழுந்தன. 1821 முதல் 1851 வரையிலான நான்கு சென்சஸ்களில் பெரும்பகுதி அன்று போயிற்று. அடுத்து வந்த நான்கின் கதை இதைவிட வேதனையானது. 1861, 1871 சென்சஸ் படிவங்களை அரசே அழித்திருந்தது. 1881, 1891 படிவங்களை முதல் உலகப்போர் காலத்தில் காகிதக்கூழ் ஆக்கிவிட்டார்கள். தீயைக்கூட மன்னிக்கலாம், இதை மன்னிக்க மனம் வரவில்லை.

சரி, மிஞ்சியது என்ன? 1901, 1911 சென்சஸ்கள் முழுசாக இருக்கின்றன. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். குடும்பத் தலைவரின் கையெழுத்தோடு அசல் படிவமே திரையில் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 1901இல் 55 வயது என்று எழுதிய பலர், 1911இல் 70 என்று எழுதியிருப்பார்கள். பத்தே வருடத்தில் பதினைந்து வயது! நடுவில் பென்ஷன் வந்துவிட்டது அல்லவா. அதனால் ஒரே படிவத்தை நம்பி வயதைக் கணக்குப் போடக் கூடாது. 1911 படிவத்தில் மணமான பெண்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. 11 என்றும் அடுத்த கட்டத்தில் 6 என்றும் எழுதியிருந்தால், வேறு எந்த ஏட்டிலும் எளிதில் கிடைக்காத ஐந்து குழந்தைகள் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறார்கள்.

பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் கவுன்ட்டி பெயர் மட்டும்தான் இருக்கும். கார்க், மேயோ என்று மாவட்ட அளவில் தெரிந்து பயனில்லை. வேண்டியது டவுன்லேண்ட் பெயர். சில வீடுகள், சில வயல்கள் சேர்ந்த சிறு நிலப்பகுதி அது. அயர்லாந்தில் 60,000க்கும் மேல் இருக்கின்றன. அது தெரிந்துவிட்டால் எந்தப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் 1922இல் டப்ளினில் இல்லை, அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. அதனால் தப்பின. அவற்றில் பிள்ளையின் தாயை அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவது வழக்கம். ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

டவுன்லேண்டைக் கண்டுபிடிக்கத் துணை செய்வது ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847க்கும் 1864க்கும் இடையே நடந்த நிலமதிப்பீடு. வரி போடுவதற்காக எடுத்த கணக்கு. வீட்டையும் நிலத்தையும் வைத்திருந்தவர் பெயர் டவுன்லேண்ட் வாரியாக அச்சில் இருக்கிறது. ஒரே டவுன்லேண்டில் மூன்று ஜான் மர்பி இருந்தால், அடையாளத்துக்கு ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள், இன்னொருவருக்குச் சிவப்பு முடி என்று பட்டப்பெயர்.

இங்கேதான் குடும்பப் பெயரின் சங்கதி. ஐரோப்பாவில் வழிவழியாக வரும் குடும்பப் பெயரை முதலில் வைத்துக்கொண்டவர்களில் ஐரிஷ்காரர்களும் உண்டு. 10ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு முன் அப்பா பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது, நம் இனிஷியல் போல. ‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், அதாவது வழித்தோன்றல். 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த அரசர் பிரையன் போருவின் வழியினர் ஓபிரையன் ஆனார்கள். ஆங்கில ஆட்சியில் பலர் அந்த ‘ஓ’வை விட்டுவிட்டார்கள், பிறகு சிலர் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஒரே குடும்பம் ஒரு ஏட்டில் சல்லிவன், இன்னொன்றில் ஓசல்லிவன். கொல்லன் மகன் என்று பொருள்படும் மக் கவன் சில ஊர்களில் மெக்கவன் ஆனது, சில ஊர்களில் மொழிபெயர்க்கப்பட்டு ஸ்மித் ஆனது. ஸ்மித் என்றதும் இங்கிலாந்துக்காரர் என்று முடிவுகட்டினால் தேடல் கடல் தாண்டிப் போய்விடும்.

அப்புறம், பெயர் ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மர்பி, கெல்லி போன்ற பெயர்கள் தொடர்பே இல்லாத பல இடங்களில் தனித்தனியாக முளைத்தவை. இதைப் பிரித்துச் சொல்ல ஏட்டால் முடியாது. டி.என்.ஏ.வால் முடியும்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. குடும்பப் பெயரும் அதே தடத்தில்தான் போகிறது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓரிடத்தில் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், அவர் படியைப் பார்த்து எழுதிய எல்லாரிடமும் அதே பிழை இருக்கும். இரண்டு ஏடுகளில் அபூர்வமான அதே பிழைகள் வரிசையாக இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. ஒய் குரோமோசோமிலும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை அப்படி ஓர் எழுத்து மாறும். இரண்டு மர்பிகளின் மாற்றங்கள் ஒத்துப்போனால் ஒரே வேர். ஒத்துப்போகாவிட்டால் பெயர் மட்டும்தான் ஒன்று, அல்லது வழியில் எங்கோ ஒரு தத்தெடுப்போ வேறு தந்தையோ இருக்கிறது.

டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2006இல், வடமேற்கு அயர்லாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஓர் ஆணிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருப்பதைக் காட்டினார்கள். 5ஆம் நூற்றாண்டு அரசர் நியாலின் வம்சம் என்று சொல்லப்படும் குடும்பப் பெயர்களோடு அது ஒட்டிப்போனது. உடனே ஆளாளுக்கு ‘நான் நியாலின் பேரன்’ என்றார்கள். பிறகு வந்த கணக்குகளின்படி அந்த மாற்றம் நியாலுக்கும் முந்தையது. ஆகவே அது இருந்தாலே அரச வம்சம் என்று சொல்லிவிட முடியாது.

தாய்வழி, தந்தைவழி எல்லாக் கிளைகளையும் காட்டுவது மற்ற 22 ஜோடி குரோமோசோம்களின் சோதனை. இருவருக்கும் பொதுவான துண்டுகளைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளுக்குள் சராசரி 850 அளவில். ஒரே கொள்ளுத்தாத்தா என்றால் 230 அளவுக்கு இறங்கிவிடும். இப்போது பஞ்சத்துக்கு வாருங்கள். 1845–52 பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். 1850இல் பாஸ்டனில் இறங்கியவர் இன்று 60 வயதாகும் ஒருவரின் எள்ளுத்தாத்தா என்றால், அயர்லாந்திலேயே தங்கிவிட்ட அண்ணனின் வழி வந்தவரோடு பொதுவாக இருப்பவர்கள் அந்த எள்ளுத்தாத்தாவின் பெற்றோர். அவ்வளவு தூரத்து உறவில் பாதிப் பேருக்குப் பொதுத் துண்டு ஒன்றுகூட இருக்காது. உறவு உண்மை, ஆனால் சோதனையில் தெரியாது. இரு பக்கமும் ஒரு தலைமுறை மூத்தவர்கள் சோதனைக் குழாயில் எச்சில் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் வயதான அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், உங்கள் குழாயை நிரப்புவதற்கு முன் அவர்களுடையதை நிரப்பச் சொல்வேன்.

இந்தச் சோதனைகள் யாருக்கு எல்லாரையும்விட அதிகம் உதவின என்று கேட்டால், அயர்லாந்தில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு என்பேன். மணமாகாத தாய்மார்களிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் அவர்களில் ஏராளம். 2022இல் சட்டம் வரும்வரை, தன் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. அப்படி ஒருவர் ஒய் சோதனை செய்துகொள்கிறார் என்று வையுங்கள். நெருக்கமாக ஒத்துப்போகும் ஆண்களின் பட்டியல் வருகிறது. அதில் முக்கால்வாசிப் பேர் டோஹர்ட்டி. தந்தையின் முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் டோஹர்ட்டி என்ற பெயரின் பூர்வீகம் டோனிகல் கவுன்ட்டியின் வடமுனை. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களை 1911 சென்சஸில் ஒவ்வொரு படிவமாக அவர் திறந்து பார்க்க ஆரம்பிக்கலாம்.