கன்சர்வேட்டிவ்: பழமைவாதியா, மரபு பேணுபவரா?

அரசியல் செய்திகளில் "கன்சர்வேட்டிவ்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே தமிழில் "பழமைவாதி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நிலைப்பாட்டில் இருக்கும் என் போன்றவர்களுக்கு அது பெயரல்ல, வசவு. பெண் படிக்கக் கூடாது என்பவர், சாதி பார்ப்பவர், காலம் மாறியதை ஏற்க மறுப்பவர் என்றுதான் அந்தச் சொல் தமிழ்க் காதில் விழுகிறது.

வேர்ச்சொல் லத்தீன் மொழியின் "கொன்செர்வாரே". சிதையாமல் காத்தல், பேணுதல் என்பது பொருள். அதில் பழமையும் இல்லை, வாதமும் இல்லை. இதே வேரில் பிறந்த "கன்சர்வேட்டர்" பதவியை நம் வனத்துறை "வனப் பாதுகாவலர்" என்று சரியாகத்தான் சொல்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் காப்பது பாதுகாப்பு என்றால், ஒரு சமூகம் கட்டிவைத்ததைக் காப்பது மட்டும் எப்படிப் பழமைவாதம் ஆகும்?

புதுச்சேரி வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அடுத்துத் திண்ணை, கதவைத் தாண்டினால் முற்றம். அந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. உளுத்த மரத்தை எடுத்துவிட்டு வேறு மரம் வைத்தாலும் தாழ்வாரம் தாழ்வாரமாகவே நிற்கும். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்கால நகரமன்றமான மேரி கட்டடமோ, கவனிப்பாரின்றிக் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி 2021இல் திறந்தார்கள். உள்ளதை உள்ளபடியே போட்டுவைப்பது பேணுதல் ஆகாது என்பதற்கு நம் ஊரில் இதைவிடச் சான்று வேண்டாம்.

அரசியலில் இந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு எழுத்தாளர் சத்தோபிரியான். புரட்சியும் நெப்போலியனும் ஓய்ந்த பிறகு, 1818இல் பாரிஸில் "லெ கொன்செர்வாத்தேர்" என்ற இதழைத் தொடங்கினார். 1816இல்தான் புதுச்சேரி மீண்டும் பிரான்ஸ் கைக்கு வந்திருந்தது. 1819 ஜனவரியில் இங்கே பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியபோது, இந்தியர்களுக்கு அவரவர் வழக்கப்படியே தீர்ப்பு என்று விலக்கும் கொடுத்தார்கள். அந்த வழக்கத்துக்கு அன்று "மாமூல்" என்று பெயர். இன்று அது லஞ்சத்தின் பெயராகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. விரும்பியவர்கள் வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்ற வழியை 1881இல் திறந்தார்கள். யாரையும் பிடித்து இழுக்காத அந்த மாற்றம் எனக்கு உகந்த மாற்றம்.

இங்கிலாந்தில் 1830களில் பிரதமர் ராபர்ட் பீல் காலத்தில் இது கட்சிப் பெயரானது. இந்தச் சிந்தனையின் மூலவராகக் கருதப்படும், பீலுக்கு முந்தைய பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க் அந்தப் பெயரில் இயங்கியவரே அல்ல. மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்றவர் அவர். 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசி, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுப் பகுதியைச் சுரண்டிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைக் கண்டித்தவரும் அவரே. அவரைப் பழமைவாதி என்று எழுத எனக்குக் கை வராது.

உலகச் செய்திகளில் குழப்பம் இன்னும் அதிகம். 1991 ஆகஸ்டில் சோவியத் தலைவர் கோர்பச்சேவைக் கவிழ்க்கப் பார்த்த கம்யூனிஸ்டுகளையும் "கன்சர்வேட்டிவ்" என்றார்கள், அவர்களுக்கு நேரெதிரான பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரையும் அப்படியே அழைத்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. பல பத்தாண்டுகளாக வளர்ந்த வணிக உறவை ஒரு கையெழுத்தில் உலுக்குவதை, எந்தக் கட்சி செய்தாலும், பேணுதல் என்று நான் ஒப்ப மாட்டேன். அன்று அடி விழுந்தது இறால் ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் நம் கடலோரக் குடும்பங்கள் மீது. ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது எதிர்த்தது, எல்லாவற்றையும் அரசே கையில் எடுப்பதைத்தான். அந்த அச்சம் இன்றும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? "காத்தல்" பொருத்தமானதுதான். "இயற்றலும் ஈட்டலும் காத்தலும்" என்று அரசின் வேலையாகவே வள்ளுவர் அதை வைக்கிறார். ஆனால் அதில் காவல் தொனி கூடுதல். "பேணுதல்" என்பதில் அக்கறையும் சேர்ந்து வருகிறது. எதைப் பேணுவது என்ற கேள்விக்கு "மரபு" போதும். தொல்காப்பிய மரபியல், குட்டி, கன்று, பறழ் என்று எதன் இளமைக்கு எந்தப் பெயர் என வரையறுக்கிறது. மரபு என்றால் வழிவழியாக வந்து இன்றும் புழங்குவது. புழக்கம் போனதுதான் பழமை.

ஆகவே கொள்கையை "மரபுபேணல்" என்றும், ஆளை "மரபு பேணுபவர்" என்றும் எழுதலாம். கட்சிப் பெயர்களை மட்டும் ஒலிபெயர்ப்பிலேயே விடுவது நல்லது. கனடாவின் ஒன்ராறியோவில் தமிழர்களும் உறுப்பினராக இருக்கும் ஆளுங்கட்சி "புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ்". அதை "முற்போக்குப் பழமைவாதக் கட்சி" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.